மரத்தில் இருக்கிற வரை உன்னுது

ஃபர்ஜானி இனிமேல் முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானித்தான்.

தீர்மானம் பிறந்த இடம் கமைஸின் காபிக்கடை. அவனுடைய பெரிய தீர்மானங்கள் எல்லாமே அங்கேதான் பிறக்கும். வீட்டுக்குப் போகிற வழியிலேயே செத்தும் போகும். இது மட்டும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தது. காரணம், கடையில் பாதிப் பங்கு தருவதாக அன்று கமைஸே சொல்லியிருந்தான்.

"இப்போ நீ காலையில வந்து உக்கார்றே, பொழுது சாஞ்சா எந்திரிக்கிறே. ஊரு உன்னை என்னன்னு சொல்லுது?" என்று கேட்டான் கமைஸ்.

"வெட்டிப்பய."

"பாதிப் பங்கை வாங்கிட்டு இதே நாற்காலியில இதே மாதிரி உக்காரு. அப்ப என்னன்னு சொல்லும்?"

"முதலாளி!" என்றான் ஃபர்ஜானி. சொல்லும்போதே நாக்கு இனித்தது. அது தேநீரில் கமைஸ் அள்ளிப் போட்டிருந்த சர்க்கரை என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கமைஸ் கேட்ட தொகையில் சரிபாதி அவனிடம் இருந்தது. மொபெட்டை விற்ற காசு. மீதிப் பாதிக்கு ஏதாவது வேலை செய்து சம்பாதிக்கலாம். ஆனால் முதலாளி ஆகப்போகிறவன் வேலை செய்வது அவனுக்கு முறையாகப் படவில்லை. ஆகவே யோசித்தான். யோசனை நேராகப் பறந்துபோய் மனைவியின் ஆலிவ் மரங்களில் உட்கார்ந்தது.

கடற்கரை ஊரான ஜர்ஸிஸுக்கு உள்ளே தள்ளி, உப்புத் தரிசைத் தாண்டினால் ஷத்லியாவின் தோப்பு. அவள் அப்பன் வைத்த மரங்கள். அப்பன் கண்ணை மூடியதும் பங்கு போட்டார்கள். அண்ணன் நாஸருக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்று. நாஸர் மீசை முளைத்த கையோடு கடல் தாண்டி மார்செய்க்குப் போனவன். ஆலிவ் மரத்தை அவன் கடைசியாகப் பார்த்தது எண்ணெய்ப் புட்டியில் ஒட்டியிருந்த படத்தில். உழுதது, கவாத்து செய்தது, மழை பொய்த்த வருஷங்களில் கழுதையின் மேல் தண்ணீர் கொண்டுபோய் வேரில் ஊற்றியது, எல்லாம் தங்கை. தண்ணீர் சுமந்தவளுக்கு ஒன்று. படம் பார்த்தவனுக்கு இரண்டு! அது சரிதான் என்று வாதாட ஊரில் நூறு பேர் உண்டு. நூறு பேரும் யாருக்காவது அண்ணன்.

இப்போது நாஸர் தன் பங்கை விற்கப் போகிறான். கடற்கரை ஓட்டல்காரர் ஒருவர் கேட்டிருந்தார். வாங்கினால் மரங்களைப் பிடுங்கிவிட்டு நீச்சல்குளம் வெட்டுவாராம். ஷத்லியா தொலைபேசியில் அண்ணனைக் கெஞ்சி, அதட்டி, அழுது, மறுபடி அதட்டி ஒரு தவணை வாங்கியிருந்தாள். உடனே முன்பணம், வருஷக் கடைசிக்குள் மீதி. தவறினால் ஓட்டல்காரருக்கு. அப்பன் வைத்த தோப்பு மறுபடி ஒன்றாக வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அன்று ஃபர்ஜானி குஸ்குஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"ஏ ஷத்லியா, உன் காயை நான் வாங்கிக்கிறேன்."

"எந்தக் காயை?"

"மரத்து மேல இருக்கே, அதை. மொத்தமா மதிப்புப் போட்டு. ரொக்கம்."

மரத்தில் இருக்கும்போதே காயை விலைபேசி வாங்குவது அங்கே வழக்கம்தான். புருஷன் பெண்டாட்டியிடம் வாங்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவள் சொத்து அவளுடையது. அதில் ஓர் இலைகூடக் கட்டினவனுக்கு இல்லை. இந்த ஒன்றையாவது ஒழுங்காக வைத்தார்களே!

ஷத்லியா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏ மனுஷா, ஆலிவ் பறிக்கணும்னா ஏணி ஏறணும். கட்டில்ல ஏறுறதுக்கே உனக்குத் தலை சுத்தும்."

"ஆள் வச்சுப் பறிப்பேன். முதலாளி ஏணி ஏற மாட்டான்."

"யாரு முதலாளி?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த ஹரிஸ்ஸா மிளகாய் விழுதை இப்படி நகர்த்து."

மறுநாள் அமீன் புஹ்லாலை அழைத்து வந்தார்கள். தோட்டம் துரவுச் சண்டைக்கெல்லாம் ஊரில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர். பசி அதிகம், பேச்சு குறைவு. மரங்களைச் சுற்றி நடந்து, கண்ணாலேயே நிறுத்து, ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. மொபெட் காசு அதற்குச் சரியாக இருந்தது.

"காசு கொடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு பேசிடணும்," என்றான் ஃபர்ஜானி. "காயைக் கள்ளன் கொண்டு போயிட்டா?"

"ஏன், வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கானா?" என்றாள் ஷத்லியா.

"வியாபாரம்னா எல்லாத்தையும் பேசணும்டி. நீங்க சொல்லுங்க அமீன். வித்தாச்சு, காசும் கைமாறியாச்சு, காய் மட்டும் இன்னும் மரத்துல. அப்ப திருடு போனா நஷ்டம் யாருக்கு?"

அமீன் தாடியைச் சொறிந்தார். "ரெண்டு விதமாவும் சொல்லலாம். காசு கொடுத்தவன் பொருள், அவன்தான் காவல் போடணும்பான் ஒருத்தன். கைக்கு வந்து சேராத பொருளுக்கு வித்தவங்கதான் பொறுப்பும்பான் இன்னொருத்தன். நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிறீங்களோ, அதுதான்."

"அப்ப இப்படிப் பேசிக்கலாம். மரத்துல இருக்கிற வரை காய் அவளுது. பறிச்சு என் கூடையில விழுந்த பிறகுதான் என்னுது. அதுக்கு நடுவுல போச்சுன்னா என் காசு எனக்குத் திரும்பணும்."

ஷத்லியா புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"மரத்துல இருக்கிற வரை என்னுது?"

"ஒவ்வொரு காயும் உன்னுது!"

"சம்மதம்," என்றாள். காசு அன்றைக்கே முன்பணமாக நாஸருக்குப் போய்விட்டது.

ஃபர்ஜானியின் திட்டம் இதுதான்: தான் வாங்கிய காயைத் தானே திருடுவது. திருடு போனதால் கொடுத்த காசு திரும்பி வரும். திருடியதால் எண்ணெயும் வரும். காசு பாதி, எண்ணெய் பாதி, காபிக்கடையில் நாற்காலி முழுசு. உலகத்தில் ஆயிரம் வகைத் திருடர்கள் உண்டு. முழு விலை கொடுத்து வாங்கி, பிறகு அதையே ஒளிந்து ஒளிந்து திருடியவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நாஸரின் மரங்கள்? போனால் போகட்டும். நீச்சல்குளத்திலும் தண்ணீர்தானே இருக்கும், பச்சையாகத்தானே தெரியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். அடுத்தவர் நஷ்டத்துக்கு மனத்தைத் தேற்றிக்கொள்வது அவனுக்கு எப்போதுமே சுலபம்.

மெதனீனில் ஷத்லியாவின் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. மருதாணி, பாட்டு, விருந்து என்று வாரம் முழுக்க நடக்கிற கல்யாணம். ஷத்லியா கிளம்பிய பஸ்ஸின் புழுதி அடங்குவதற்குள் கமைஸின் வண்டி தோப்பில் நின்றது. அந்தப் பக்கம் வேறு யாருக்கும் தோப்பு இல்லை. ஆடு மேய்க்கக்கூட எவரும் வர மாட்டார்கள். பட்டப்பகலில் நிம்மதியாகத் திருடலாம்.

ஆட்டுக்கொம்பின் நுனியை விரல்களில் மாட்டிக்கொண்டு, கிளையைச் சீப்பால் வாருவது போல் வாரினால் காய் பொலபொலவென்று விரிப்பில் கொட்டும். பழகினவர்களுக்குக் கொட்டும். ஃபர்ஜானிக்குக் கொம்பு மட்டும்தான் கொட்டியது. இடது கைக் கொம்பை வலது கையில் மாட்டியிருந்தான். முதல் மரம் முடிவதற்குள் விரலெல்லாம் கொப்புளம்.

"மேல அவ்வளவு காய் இருக்கே," என்றான் கமைஸ். "ஏணியை வை."

"மேல இருக்கிறது பறவைகளுக்கு. தர்மம்."

"திருட்டுல தர்மமா?"

"நீ ஏறேன்!"

கமைஸுக்கும் முட்டி வலி. இரண்டு பேருமாகக் கை எட்டின கிளைகளை எல்லாம் மொட்டையடித்தார்கள். பிறந்ததிலிருந்து ஃபர்ஜானி உழைப்புக்குப் பட்ட கடனையெல்லாம் அந்த வாரம் அவன் முதுகு வட்டியோடு கட்டியது. மூட்டைகளை மூன்று ஊர் தள்ளியிருந்த செக்குக்குக் கொண்டுபோய், கமைஸ் பெயரைச் சொல்லி ஆட்டினார்கள். செக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் ஃபர்ஜானி தலையில்; அதையும் கமைஸிடமே கடன் வாங்கிக் கொடுத்தான். எண்ணெய் பச்சைப் பசேலென்று இறங்கியது.

ஜாடிகளைக் கமைஸ் வீட்டில் இறக்கினார்கள். கமைஸின் மனைவி பஹீஜா கதவைத் திறந்துவிட்டாள். இது ஏது, யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தார்கள் இரண்டு அறிவாளிகளும். கேள்வி கேட்காத பெண்ணைக் கண்டால்தான் கிலி பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஷத்லியா கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று ஃபர்ஜானி பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடினான். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"போச்சு ஷத்லியா! எல்லாம் போச்சு! கள்ளன் பூந்து வழிச்சுட்டுப் போயிட்டான்!"

அமீனும் ஊர்க்காரர்கள் சிலரும் கூடத் தோப்புக்குப் போனார்கள். ஷத்லியா அழவில்லை. மரம் மரமாய் நின்று பார்த்தாள்.

"நல்ல கள்ளன்," என்றாள். "தடியால அடிக்கல, கிளை ஒடிக்கல. கொம்பு மாட்டிப் பறிச்சிருக்கான்."

"கள்ளன்ல என்ன நல்லவன் கெட்டவன்!"

"ஆனா குட்டைக் கள்ளன் போல. மேல ஒரு காயைத் தொடல."

"குட்டை எல்லாம் இல்ல. அவசரமா இருந்திருக்கும்."

"நீங்க ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கறீங்க, ஸீ ஃபர்ஜானி?"

ஃபர்ஜானி ஓரடி பின்வாங்கினான். ஷத்லியா கோபம் வந்தால் கத்த மாட்டாள், மரியாதையைக் கூட்டுவாள். 'நீ' என்றால் வீடு. 'நீங்க' என்றால் புயல். 'ஸீ ஃபர்ஜானி', அதாவது 'ஐயா ஃபர்ஜானி', என்றால் படகைக் கரையில் இழுத்துக் கட்டிவிட வேண்டும்.

"விரல்ல என்னங்க புண்ணு?"

"சீட்டாடினேன்."

"சீட்டு கடிச்சிருச்சுங்களா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பை அடக்க ஃபர்ஜானிக்கு ஒரே வழிதான் தெரியும். வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தக் காயை எவன் பறிச்சான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, என் பொண்டாட்டி எனக்கு ஹராம்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. நாக்கால் மனைவியைத் தள்ளிவைப்பது அந்த நாட்டில் செல்லாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சட்டம் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆண்களின் நாக்குக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. ஊர் அதை ஆணையாகவே எடுத்துக்கொண்டது.

"அப்ப பேசினது பேசினபடி," என்றார் அமீன். "மரத்துல இருந்த காய் ஷத்லியாவோடது. நஷ்டம் அவளுக்கு. விற்பனை ரத்து. அவன் காசைத் திருப்பிக் கொடுத்துடும்மா."

"கொடுத்துடறேன். நாஸருக்கு அனுப்பியாச்சு, கொஞ்சம் தவணை வேணும்." ஷத்லியா புருஷன் பக்கம் திரும்பினாள். "காய் என்னுது, நஷ்டம் என்னுது, விற்பனை ரத்து. இதானே நீங்க கேட்டது?"

"அதேதான்!"

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவளுக்காகக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. வருத்தத்தை ஆற்றக் காபிக்கடையில் பாதாம் போட்ட தேநீர் ஒன்று குடித்தான்.

அதன் பிறகு அவன் காலம் கனிந்தது. கடலுக்கு அக்கரையில் அந்த வருஷம் விளைச்சல் இல்லை. எண்ணெய் விலை ஏறியது. காபிக்கடை ரேடியோவில் ஏறியது, செக்குகளில் ஏறியது, ஃபர்ஜானியின் தலைக்குள் ஏறியது. ஒரு மடங்கு இரண்டு மடங்காகிவிட்டது. கமைஸ் வீட்டு ஜாடிகளை நினைத்து நினைத்துச் சிரித்தான். பாதிப் பங்கென்ன, கடை முழுவதையும் வாங்கிவிட்டுக் கமைஸையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவனிடமே கேட்டான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஜாடிகள் நின்றன.

அவனுடைய ஜாடிகள். எல்லாம். பக்கத்தில் நனைந்த பூனை மாதிரி கமைஸ். அவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பஹீஜா; அன்றைக்கு அவர்களிடம் கேட்காத கேள்வியை ஷத்லியாவிடம் கேட்டு முடித்தவள் போல நின்றாள். நடுவில் அமீன் புஹ்லால் சூடான தபூனா ரொட்டியைக் கிழித்து, எண்ணெயில் முக்கி, கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பா ஃபர்ஜானி," என்றார் வாய் நிறைய. "நல்ல சேதி. கள்ளனுக்கு மனசாட்சி வந்துடுச்சு."

"எ... எந்தக் கள்ளனுக்கு?"

கமைஸ் மனைவியைப் பார்த்தான். பாடம் ஒப்பிக்கிறவன் போலச் சொன்னான்: "கடைப் பின்வாசல்ல யாரோ வச்சுட்டுப் போயிருந்தாங்க. யாருன்னு தெரியல."

"செக்குல ஆட்டி, தெளிய வச்சு, மூடி போட்டு!" என்றாள் பஹீஜா. "இப்படி ஒரு கள்ளன் நம்ம வீட்டுக்கும் வரக்கூடாதா?"

"இது உப்புத் தரிசுத் தோப்பு எண்ணெய்தான்," என்றார் அமீன். "இந்தக் கசப்பு வேற காய்க்கு வராது."

"அது என்னோட..." என்று ஆரம்பித்தான் ஃபர்ஜானி. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"உன்னோட என்ன?"

"நான் காசு கொடுத்து வாங்கின காயாச்சே!"

"விற்பனைதான் ரத்தாயிடுச்சுங்களே," என்றாள் ஷத்லியா பணிவாக. "நீங்கதானே கேட்டு வாங்கினீங்க."

"அந்த ரத்தை ரத்து பண்ணிடறேன்!"

"அதெப்படி?" அமீன் ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் ரொட்டியைக் கீழே வைப்பது அபூர்வம். "போனப்ப அவளுது, வந்தா உன்னுதா? நஷ்டத்துக்குத் தோள் கொடுத்தவங்களுக்குத்தான் லாபமும். சின்னக் குழந்தைக்கும் தெரியுமேப்பா."

ஃபர்ஜானியின் மூளை வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக ஓடியது. ஒரு வழி இருந்தது! பறித்தது நான்தான், அப்போதே என் கூடையில் விழுந்துவிட்டது, ஆகவே பேச்சுப்படி காய் என்னுடையது என்று சொல்லிவிட்டால் போதும். இரட்டை விலை எண்ணெய் மொத்தமும் அவனுக்கு. ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். முதலாளியைப் பார்த்து எத்தனை நாள் சிரிப்பார்கள்? வாயைத் திறந்தான்.

"சொல்லுங்க, ஸீ ஃபர்ஜானி," என்றாள் ஷத்லியா, பாலில் தேன் கலந்த குரலில். "யாரு பறிச்சாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

திறந்த வாய் அப்படியே நின்றது.

"தெரிஞ்சிருந்தா நான் உங்களுக்கு ஹராம். ஊரே கேட்டுச்சு. வீடு எங்கப்பா வீடு, நான் எங்கயும் போக வேண்டியதில்ல. உங்க துணிமணியை மட்டும் மடிச்சு வைக்கட்டுங்களா?"

முற்றத்தில் அடுப்பு எரிந்தது. ரொட்டி மணத்தது. சட்டியில் ஆட்டுக்கறி தளதளவென்று கொதித்தது. ஃபர்ஜானி மூன்றையும் பார்த்தான். கமைஸைப் பார்த்தான். கமைஸ் ஜாடியின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"தெரியாது," என்றான் ஃபர்ஜானி.

"என்னங்க? காதுல விழல."

"தெரியாது! எனக்கு ஒண்ணும் தெரியாது!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். தேளாவது ஒரு தடவை கொட்டிவிட்டு ஓடிவிடும். ஷத்லியா உட்கார வைத்து, சோறு போட்டு, நிறுத்தி நிறுத்திக் கொட்டினாள்.

எண்ணெயில் ஒரு பகுதியை அவள் ஏறின விலைக்கு விற்றாள். முதல் வேலையாக அமீன் முன்னால் புருஷனின் காசைத் திருப்பிக் கொடுத்தாள். செக்குக் கூலி, வண்டி வாடகை என்று கமைஸிடம் பட்டிருந்த கடனுக்கே அது கரைந்தது. மிச்சத்தில் ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம், சக்கரம் இல்லாமல். மீதிப் பணம் மார்செய்க்குப் போனது. ஓட்டல்காரர் வேறு ஊரில் குளம் வெட்டப் போனார். அப்பனின் தோப்பு ஒன்றாயிற்று. இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்றும் இப்போது தண்ணீர் சுமந்தவளிடம்.

இத்தனைக்கும் ஃபர்ஜானி ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். வாங்கின காயைக் கூலிக்கு ஆள் விட்டுப் பறித்துவிட்டு வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்திருந்தால் விலையேற்றம் முழுக்க அவனுக்கு. ஆயுளில் ஒரே ஒரு வாரம் உழைத்தான். அந்த உழைப்புதான் அவனைக் கெடுத்தது.

பத்திரம் பதிவாகி வந்த அன்று ஷத்லியா முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய டின்னில் எண்ணெய் நிரப்பினாள். விளிம்பு தட்ட நிரப்பினாள். அன்றைய விலைக்கு அது சின்னச் சொத்து.

"இது யாருக்கு?" என்று கேட்டான் ஃபர்ஜானி.

"பறிச்சவனுக்கு. உழைச்சவனோட கூலியை வேர்வை காயறதுக்குள்ள கொடுத்துடணும்பாங்க. ஒரு கிளை ஒடிக்காமப் பறிச்சிருக்கான், செக்குக் கூலியும் கைக்காசு போட்டுக் கட்டியிருக்கான். பாவம், நம்மால அவன் வயிறு எரியக் கூடாது." டின்னைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள். "ஆளு யாருன்னு தெரிஞ்சா நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்களேன்."

ஃபர்ஜானியின் இரண்டு கையும் தானாக நீண்டன. பிறகு மெதுவாக முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லி, ஷத்லியா ஒரு சொட்டு சிந்தாமல் கூலியைத் திரும்ப ஜாடிக்குள் ஊற்றினாள்.